பேசக் கூடாத அறை

நூல்மழை பிடித்துவிட்டால் அந்த எஸ்டேட்டில் எதிரே வருகிற ஆளைக் குடையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். அப்படிப்பட்ட ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாயனசாலை என்று மலையாளத்தில் சொல்கிற நூலகத்தின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகிற ஜீப்புகள் அந்த வளைவில் வேகத்தைக் குறைக்கும்போது, வெளியூர்க்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்து, ஏதோ சாவு, கேதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். கேதமெல்லாம் இல்லை. உள்ளே வைஃபை இருந்தது.

எஸ்டேட்டுக்கு டவர் வரப்போகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொன்னார்கள். வந்து சேர்ந்தது வாயனசாலைக்கு ஒரு கேபிளும், வாசிப்பறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியும். கட்டடம் முன்பு டிஸ்பென்சரியாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் சுவர். பெட்டியிலிருந்து கிளம்புவது எதுவானாலும் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். வராந்தாவில் கால் வைத்தால் போனில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

உள்ளேயோ பேசக் கூடாது. செக்ரட்டரி ஏசுதாஸ் சார் தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதி மாட்டியிருந்தார். எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். விக்கல் எடுத்தவனைக்கூட, “வெளிய போயி தண்ணி குடிச்சிட்டு வாடே” என்று எழுப்பி அனுப்பியிருக்கிறார். “சந்தையில உக்காந்து பேப்பர் படிக்க முடியுமா? போன்ல பேசணும்னா வெளிய போ” என்பார். வெளியே போனால் போன் பேசாது. இதைச் சொன்னால், “அது உன் போனோட கொணம். வாயனசாலை கொணம் இதான்” என்பார்.

சனங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள்ளே வந்து, திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகன் பேசி அனுப்பியதை போனில் இறக்கிக்கொள்வது. வராந்தாவுக்குப் போய் அதைக் காதில் வைத்துக் கேட்பது. அங்கேயே பதிலைப் பேசிப் பதிவு செய்துகொண்டு, மறுபடி செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வந்து அனுப்புவது. “சாப்பிட்டியா” என்று கேட்டு “சாப்பிட்டேன்” என்ற பதிலை வாங்குவதற்குள் ஒருத்தி வாசற்படியை நாலைந்து தடவை மிதிக்க வேண்டியிருந்தது. லைப்ரேரியன் நிமி, ஈரக்கால் தடத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், வாசலில் சாக்கை விரித்துவிட்டாள்.

இந்த நடையெல்லாம் இல்லாமல், அறைக்கு நடுவில் ஜம்மென்று நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிற ஒரே குடும்பம் செல்லத்துரையுடையது. அவர் மகள் ஆர்த்திக்குக் காது கேட்காது. எர்ணாகுளத்தில் ஒரு பேக்கரிக் கம்பெனியில் கேக்குக்குக் கிரீம் பூசுகிற வேலை. ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். பேச்சு முழுக்கக் கையால் நடக்கும். ஏசுதாஸ் சாரின் பலகையில் அதற்குத் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை.

“உங்களுக்கென்ன முத்துக்கா, ராசாத்தி மாதிரி உக்காந்து பேசுதிய. நாங்கதான் வாசப்படிக்கும் மேசைக்கும் கவாத்து எடுக்கோம்” என்பார்கள் கொழுந்து பறிக்கிற பெண்கள். செல்லத்துரையின் மனைவி முத்துப்பேச்சிக்கு அதில் ஒரு பெருமை உண்டு. மகளுக்குக் கேட்கவில்லை என்ற காரணத்துக்காக ஊர் பொறாமைப்பட்ட ஒரே விஷயம் அது.

அந்தக் கைப்பேச்சு செல்லத்துரை வேலை பார்க்கிற தேயிலை பாக்டரியில் பிறந்தது. இலையை உருட்டி நசுக்குகிற ரோலிங் ரூமில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ‘இலை வருது’, ‘பெல்ட்டை நிறுத்து’, ‘சூடு ஏறுது’, ‘டீ மேக்கர் வாறான், பீடியை அணை’ எல்லாவற்றுக்கும் அங்கே கை உண்டு. ஆர்த்திக்குக் காது கேட்காதது ரெண்டு வயதில் தெரிந்தபோது செல்லத்துரை அந்தக் கையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோறு, தூக்கம், ஆடு, மழை, பொய் என்று அப்பனும் மகளுமாகச் சேர்த்துச் சேர்த்து அது வளர்ந்தது. பிற்பாடு மலைக்குக் கீழே, கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அவள் முறையான கைமொழி படித்தாள். அப்பாவிடம் மட்டும் பாக்டரிக் கைதான்.

அன்றைக்குப் போனை மலையாள அகராதியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆர்த்தி வழக்கம்போலச் சாப்பாட்டை விசாரித்தாள், ஆட்டை விசாரித்தாள். அப்புறம் சொன்னாள். ஒரு பையன். கூட வேலை செய்கிறவன், அடுப்புப் பக்கம். புருவத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். அங்கே அவனுக்கு ஒரு தழும்பு, அதுதான் அவனுக்குப் பெயர். அவனுக்கும் காது கேட்காது. தாலி கட்டுவது போலக் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள். பிறகு இரண்டு கையையும் விரித்து அப்பாவின் முகத்தையே பார்த்தாள்: ‘நீங்க சொல்லணும்.’

செல்லத்துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு குடையை எடுத்தார்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகிற பாதை அரை மணி நேர இறக்கம். முத்துப்பேச்சி பின்னால் வந்தாள். குழாயடியில் குடத்தோடு நின்ற சோலை என்கிற பெண் இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள்:

“என்ன முத்துக்கா, மாப்பிள்ளைக்குப் புருவத்துல தழும்பாமே? சின்ன வயசுல எங்கயும் விழுந்திருப்பாரோ?”

முத்துப்பேச்சி குடையைத் தாழ்த்திக்கொண்டாள். செல்லத்துரை அப்படியே நின்றுவிட்டார். “உனக்கு யாரு சொன்னது?”

“லயமே பேசுது, என்னையக் கேக்கீகளே. பாண்டி அண்ணன் பைக்குல வந்தாருல்ல.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதுகுக்குப் பின்னால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பாண்டீஸ்வரன். ரோலிங் ரூமில் அவரோடு எத்தனையோ வருஷமாக நிற்கிறவன். அந்த அறையில் பாக்டரிக்காரன் யார் இருந்தாலும் அவர்கள் வீட்டுப் பேச்சு அத்தனையும் திறந்து கிடந்திருக்கிறது, இத்தனை ஞாயிறுகளாக. சத்தம் இல்லாததால் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, கடன் கேட்டதிலிருந்து மூல வியாதி வரைக்கும் அங்கே உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் முத்துப்பேச்சி கப்பைக்கிழங்கை வேகப் போட்டாள். காந்தாரி மிளகாயும் வெங்காயமும் வைத்து நசுக்கினாள். பால் இல்லாத கட்டஞ்சாயாவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“பையன் நல்லவன்னுதான் சொல்லுதா” என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

“கெட்டவன்னு நான் சொன்னனா?”

“பின்ன என்ன? நம்ம ஆளுகதானாம். கொழிஞ்சாம்பாறையாம், பொள்ளாச்சி போற வழியாம்.”

“இதெல்லாம் எப்பச் சொன்னா? எனக்குத் தெரியாதே.”

“போன வாரம். நீங்க முடி வெட்டப் போனீகள்ல.”

செல்லத்துரை கப்பையைத் தொடவில்லை. “ஏ முத்து, நான் சாதி கேட்டனா, ஊரு கேட்டனா? அவளுக்குக் கேக்காது. நமக்குக் கேட்டுச்சு. சாமத்துல அவளுக்குக் காய்ச்ச வந்து அனத்தும்போது நமக்குக் கேட்டதுனால எந்திரிச்சோம். நாளைக்கு ஒரு புள்ள பெத்தாகன்னா, அது அழுதா யாரு எந்திரிப்பா? ரெண்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் படுத்து ஒறங்கும், நடுவுல புள்ள தொண்ட கிழியக் கத்தும். ஒரு வீட்டுக்கு ஒரு காதாவது வேணும்ல.”

முத்துப்பேச்சி விறகை உள்ளே தள்ளினாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவர் அதைச் சொல்லிவிட்டதில் அவள் பயம் இரட்டித்ததே தவிரக் குறையவில்லை.

“அதுக்காக ஒண்ணும் சொல்லாம போனை அமத்திட்டு வாறதா?” என்றாள் கடைசியில். “புள்ள அங்க உங்க கையையே பாத்துட்டு இருந்தா.”

திங்கட்கிழமை ரோலிங் ரூமில் சண்டை நடந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, இலை பச்சையாக உள்ளே போய் நொறுங்கி விழுந்துகொண்டிருந்தது. பாண்டீஸ்வரன் கன்வேயருக்கு அந்தப் பக்கம், செல்லத்துரை இந்தப் பக்கம். முதல் கையைச் செல்லத்துரை வீசினார்: ‘நீ திருடன்.’

‘நான் என்ன திருடினேன்?’

‘என் வீட்டுப் பேச்சை.’

‘நடு அறையில் கையை ஆட்டினால் கண்ணைப் பொத்திக்கொள்ளவா? தினம் இதே கையைத்தானே பார்க்கிறேன்.’

‘பார்த்தாய், சரி. லயமெல்லாம் எதற்குச் சொன்னாய்?’

பாண்டீஸ்வரன் நெஞ்சைத் தொட்டு, முகத்தை விரித்துக் காட்டினான்: ‘சந்தோஷம். நம் பிள்ளைக்குக் கல்யாணம் என்று சந்தோஷம்.’

டிரையர் பக்கம் நின்றவர்களெல்லாம் வேலையை விட்டுப் பார்த்தார்கள். பாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் மட்டும், இரண்டு ஆட்களும் எதற்குக் கரகம் ஆடுகிறார்கள் என்று தெரியாமல் முழித்தார். செல்லத்துரைக்குக் கை போதவில்லை. ஆத்திரத்தில் வாயும் சேர்ந்துகொண்டது. எப்படியும் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். அந்த நேரம் பார்த்து மழைக்கு எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போனது. மிஷின் அத்தனையும் ஒரே மூச்சில் அடங்க, அவர் குரல் மட்டும் தகரக் கூரையில் மோதி நின்றது:

“ரெண்டும் செவிடுடா!”

தகரத்தில் மழை விழுவது கேட்டது. அந்தச் சொல்லை அவர் முன்னால் சொன்னதற்காக வருஷங்களுக்கு முன்பு ஒரு சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தவர் அவர்.

பாண்டீஸ்வரன் கன்வேயரைச் சுற்றி வந்தான். “மச்சான், இங்க ஒருத்தனும் அந்த வார்த்தையச் சொன்னதில்ல” என்றான் மெதுவாக. “உன் வாயில வந்துருச்சு. போ, போயி ஒரு சாயா குடி. நான் பாத்துக்கிடுதேன்.”

அடுத்த ஞாயிறு செல்லத்துரை போகவில்லை. ஆட்டுக்கொட்டகையின் ஓலையை மாற்ற வேண்டும் என்றார். முத்துப்பேச்சி தனியாகப் போனாள். திரும்பி வந்தவள் சேலையில் ஈரம் சொட்டச் சொட்ட அவர் பக்கம் போனை நீட்டினாள்.

“ஆர்த்தி இல்ல. அந்தப் பையனோட அம்மா பேசி அனுப்பியிருக்காக. நிமி புள்ள எறக்கிக் குடுத்தா. கேளுங்க.”

“நீ கேட்டியா?”

“வராந்தாவுல நின்னு கேட்டேன். எல்லாரும்தான் கேட்டாக, அதுக்கு நான் என்ன செய்ய? அவ்வளவு சத்தமாப் பேசுதாக.”

கத்தரித்து வைத்த ஓலைக்கு நடுவில் போனிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கிளம்பியது.

“ஏனுங்க சம்பந்தி, நல்லா இருக்கறீங்களா? நானு சதீசோட அம்மா செல்லாத்தாளுங்க. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசறனுங்க. உங்க ஊட்டுப் பக்கம் போன் எடுக்காதுன்னு பையன் எழுதிக் காட்டுனான், அதேன் இதுல பேசி உடறேன். எங்களுக்கும் மொதல்ல மனசு ஒப்பலீங்க. காது கேக்கற புள்ளையாப் பாத்துக் கட்டி வெச்சுப்போடலாம்னு நாலு எடம் பாத்தோம். ஒரு எடத்துல அந்தப் புள்ள வந்து உக்காந்துட்டு என் பையனைப் பாக்கவே இல்லீங்க. என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. என்ன கேட்டாலும் எனக்குத்தான் பதிலு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து இவன் ஒருவாய் திங்கலைங்க. உங்க புள்ள இங்க ஒருக்கா வந்துச்சு. ரெண்டும் பேச உக்காந்துதுன்னா அப்படியொரு பேச்சுங்க. எருமைக்குத் தண்ணி காட்டறதுக்குக்கூட எந்திரிக்க மாட்டீங்குது. ஊட்டுக்குள்ள சத்தமே இல்ல, ஆனா எனக்கு ஊடு நெறைஞ்சு கெடந்துச்சுங்க. நீங்க கோவமா இருக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். கோவம்னா என்னை நாலு திட்டுத் திட்டி இதுல பேசி உடுங்க, கேட்டுக்கறேன். வெக்கட்டுங்களா?”

ஓலையை முடிந்துகொண்டிருந்த கை நின்றிருந்தது. “நமக்கு முந்தி அங்க போயிருக்கா” என்றார் செல்லத்துரை.

“போயிருக்கா. அந்த அம்மா சோறு போட்டிருக்காக. நாம போனை அமத்துனோம்.”

“சம்பந்தின்னு கூப்பிடுது. நான் எப்பச் சம்பந்தி ஆனேன்?”

“அதையும் பேசி அனுப்புங்க. கேட்டுக்கிடுதேங்காக.” முத்துப்பேச்சி சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். “ஆர்த்தி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கா, நிமி படிச்சுச் சொன்னா. அங்க சோனான்னு ஒரு புள்ள, இவ கூட வேலை. அவளுக்கும் கேக்காது, புருசனுக்கும் கேக்காது. கைப்புள்ள இருக்காம். வாற ஞாயித்துக்கிழமை சோனா வீட்டுல போனை வச்சுட்டு அவுக பாட்டுக்கு அவுக சோலியைப் பாப்பாகளாம். நாம எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்கிடலாமாம். அப்பா ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாத்தாப் போதும்னு போட்டிருக்கா.”

அவர் ஓலையை இழுத்தார்.

“நீங்க வராட்டா நான் தனியாப் போவேன். போனா, பாத்துட்டு நானே சரின்னு சொல்லிருவேன். பெறகு எங்கிட்டச் சடைக்கக் கூடாது.”

மூன்றாவது ஞாயிறும் மழைதான். பூசை முடிந்து வந்த கூட்டமும் சேர்ந்து வாசிப்பறையில் நாற்காலி இல்லை. செல்லத்துரை உள்ளே வந்தபோது எல்லோரும் ரொம்ப அக்கறையாகப் பேப்பரைப் பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாகக்கூட வைத்திருந்தார். பாண்டீஸ்வரன் எழுந்து, சுவர்ப்பக்கம் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துகொண்டான். தான் எதையும் பார்க்கவில்லை என்பதை முதுகால் சொல்லிக்கொண்டிருந்தான். ஏசுதாஸ் சார் தானே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

நிமி போனை அகராதியில் சாய்த்து, சத்தத்தை அணைத்து வைத்தாள். உள்ளே எந்தப் போனுக்கும் அதுதான் சட்டம்.

ஆர்த்தியின் முகம் வந்தது. அப்பா வந்திருப்பதைப் பார்த்ததும் கண் ஒரு தடவை விரிந்தது, அவ்வளவுதான். போனை ஓர் அலமாரியில் ஏற்றி வைத்தாள். தள்ளி நின்று சரிபார்த்தாள். வெங்காயம் வாங்கக் கடைக்குப் போவதாகச் சொன்னாள். கூடவே ஓர் ஆள் குடையோடு கதவைத் தாண்டிப் போவது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

இனி ஒரு வீடு மட்டும். ஒற்றை அறை, மேசை, அதற்கப்பால் அடுக்களைத் திட்டு. கூரைக் கொக்கியிலிருந்து சேலைத் தொட்டில். அதற்குள் குழந்தை தூங்குவது ஒரு வீக்கமாகத் தெரிந்தது. பாயில் ஓர் ஆள் ராத்திரி வேலைக்குப் போய்வந்த தூக்கத்தில் கிடந்தான். திட்டுப் பக்கம் திரும்பி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள்தான் சோனா.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் மீனை நறுக்கினாள். மஞ்சள் போட்டாள். சட்டியை ஏற்றினாள். செல்லத்துரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நினைத்தது அப்படியே கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முத்துப்பேச்சி மூச்சுவிடுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். வெளியே பேசிக்கொண்டிருந்த பெண்களும் ஈரக்காலோடு உள்ளே வந்தார்கள். நிமி துடைக்கப் போகவில்லை.

தொட்டில் அசைந்தது. துணிக்கு மேலே ஒரு கால் வந்தது. பிறகு துணி விலகி முகம் தெரிந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு அந்தக் குழந்தை வாயைத் திறந்தது, இன்னும் திறந்தது. வாய்க்குள் சிவப்பெல்லாம் தெரிந்தது.

சோனாவின் முதுகு முதுகாகவே இருந்தது.

“ஏ! ஏ புள்ள!” செல்லத்துரை நாற்காலி கவிழ எழுந்தார். “புள்ள அழுவுது! இந்தா, புள்ள அழுவுது பாரு! திரும்பு தாயி!”

கருங்கல் அறை முழுக்க அவர் குரல் அடித்துத் திரும்பியது. ஏசுதாஸ் சார் மேசையிலிருந்து எழுந்தேவிட்டார்.

அவர் வாயை மூடுவதற்குள் சோனா திரும்பியிருந்தாள். பதற்றமெல்லாம் இல்லை. அடுப்பைத் தணித்து, கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு நாலு எட்டில் வந்து பிள்ளையை அள்ளித் தோளில் போட்டாள். அவள் நடந்து வந்தபோதுதான் அது தெரிந்தது. கணுக்காலில் ஒரு துணிக்கயிறு. பழைய சேலையின் கரையைக் கிழித்து முறுக்கியது. மேசைக்கு அடியில் ஓடி, தொட்டிலின் அடிமுடிச்சில் போய்ச் சேர்ந்தது. பிள்ளை உதைத்தால் அவள் கால் இழுபடும்.

ஏசுதாஸ் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு போனுக்குள் குனிந்து பார்த்தார்.

“புள்ள அமந்துருச்சா?” என்றார்.

“அமந்துருச்சு சார்” என்றாள் முத்துப்பேச்சி. அப்புறம் கணவரைப் பார்த்தாள். “போன்லதான் சத்தமே இல்லையே. உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?”

“கேக்கல” என்றார் செல்லத்துரை. நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாத்தேன்.”

ஆர்த்தி திரும்பி வந்தபோது சோனா சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னாள். போனுக்குள்ளே ஓர் ஆள் எழுந்து வாயை வாயைத் திறந்ததைப் பிள்ளையைத் தூக்கும்போது அவள் பார்த்திருக்கிறாள். ஆர்த்தி போனைக் கையில் எடுத்து அப்பாவைப் பார்த்தாள்.

செல்லத்துரை கையை எடுத்தார். பாக்டரிக் கை. ‘கயிறு அறுந்தால்?’

ஆர்த்தி போனைத் திருப்பினாள். பாயில் தூங்கிய ஆளின் தலைமாட்டில் ஒரு பல்பு. சத்தம் கேட்டால் அது மின்னி மின்னி எரியும் என்று காட்டினாள். ராத்திரிக்கு அதுதானாம்.

‘கரண்ட் போனால்?’

‘நடுவில் படுக்கப் போடுவோம். கை மேலேயே இருக்கும்.’ அவள் தன் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள், மூச்சு ஏறி இறங்குகிற இடத்தில். ‘எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் அப்பா. நிறையப் பேர் இருக்கிறோம்.’

அவர் இன்னொரு கேள்விக்குக் கையைத் தூக்கினார். கேள்வி வரவில்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ‘அவனைக் காட்டு’ என்றார்.

பையன் போனுக்கு முன்னால் வந்து நின்றான். புருவத் தழும்புக்கு மேலே மழைத்துளி நின்றது. குனிந்து கும்பிட்டான். வெங்காயப் பை கையிலேயே இருந்தது. செல்லத்துரை அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மெல்லிய சட்டை. கொழிஞ்சாம்பாறை வெயில் ஊரு, எர்ணாகுளமும் புழுக்கம், குளிரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? அவர் இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உடம்பை நடுக்கிக் காட்டினார். தலைவழியாக எதையோ இழுத்துப் போட்டுக் காட்டினார்.

பையன் ஆர்த்தியைப் பார்த்தான். ஆர்த்திக்கு முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. தோளை இடித்து விளக்கினாள்: ‘ஸ்வெட்டர். இங்கே வரும்போது குளிரும். உன்னிடம் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்கிறார்.’

பையன் வெங்காயப் பையைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று கையை விரித்தான்.

“இல்லையாம்” என்றார் செல்லத்துரை, வாய்விட்டே. அந்த அறையில் அவரை யாரும் தடுக்கவில்லை. பையனைத் திரும்பி நிற்கும்படி சைகை காட்டினார். எர்ணாகுளத்தில் ஒரு வாடகை அறையில், மீன் குழம்பு கொதிக்க, தோளில் பிள்ளையோடு ஒருத்தி வேடிக்கை பார்க்க, அந்தப் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். செல்லத்துரை போன் மேல் கையைச் சாணாக விரித்து அவன் தோளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்தார். சரியாக வரவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலுமாகச் சுருக்கி மறுபடி அளந்தார்.

“தள்ளுங்க” என்று முத்துப்பேச்சி அவரை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவர் தோளைத் திரும்பி ஒரு தரம் பார்த்தாள்.

“உங்களோடதே பத்தும்” என்றாள். “கை மட்டும் ஒரு மடிப்பு மடிச்சுவிடணும்.”